பட்டினியும் நோன்பும்

"பட்டினி கெடக்கறதுக்கா கண்ணு அந்தப் பக்கம் போன? அது நம்ம ஊட்டுலயே கெடைக்குமே!"

கேட்டவர் என் ஆயா. என் தந்தையைப் பெற்றவர். எண்பது வயதைக் கடந்தவர். பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாதவர். அரசியலும் அறியார், அரபுச் சொல்லும் அறியார். ஆயினும், பட்டம் பெற்றவன், பாடம் நடத்துபவன், பத்து நூல் படித்தவன் என்று இறுமாந்திருந்த என்னை, அந்த ஒரே கேள்வியால் திண்ணையிலே திகைத்து உட்காரச் செய்துவிட்டார்! விடை தேடினேன். இன்றுங்கூட முழுவிடை கிடைத்துவிட்டது என்று கூறத் துணிவில்லை. கிடைத்த அளவை உங்கள் முன் வைக்கிறேன்.

நீங்கள் என்ன எண்ணுவீர்கள் என்பதை நான் அறிவேன், தோழர்களே! பகுத்தறிவு பேசும் ஏட்டிலே, நோன்பு நோற்கப் புறப்பட்ட ஒருவனுக்கு என்ன வேலை என்பீர்கள். ஒரு விலங்கைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டிக்கொண்டவன் என்பீர்கள். வெளியாரிடம் நான் அதைக் கேட்கவேண்டியதில்லை. என் வீட்டிலேயே, என் தந்தையின் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

என் தந்தை தையற்கடை வைத்திருப்பவர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலே, ஊருக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட காலனியிலே பிறந்தவர். புரோகிதரின்றி, ஓமப்புகையின்றி, மாலை மாற்றி என் அன்னையை மணந்தவர். எங்கள் வீட்டுச் சுவரிலே சாமிப் படம் கிடையாது. பெரியார் படம் ஒன்று, அம்பேத்கர் படம் ஒன்று, அவ்வளவே. தைத்து மீந்த கருந்துணியிலே எனக்குச் சட்டை தைத்துப் போட்டுக் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்வார். எனக்குத் தூய தமிழ்ப்பெயர் இட்டவரும் அவரே. அத்தகையவரின் மகன் 2024-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் கலிமா சொல்லி முஸ்லிம் ஆனான் என்றால், அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? கூச்சல் நடக்கவில்லை. பதினொரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கூச்சலைத் தாங்கியிருப்பேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிட்டு நோன்புக்கு வருகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், பணியின் பொருட்டு வேறோர் ஊரிலே சில திங்கள் தங்கியிருந்தேன். அங்கே ஒரு தேநீர்க் கடை. முதல் வாரம் எனக்குக் கண்ணாடிக் குவளையிலே தேநீர் வந்தது. இரண்டாம் வாரம், நான் எந்தத் தெருக்காரன் என்பது தெரிந்தது. மூன்றாம் வாரம் எனக்கு மட்டும் காகிதக் குவளை! பக்கத்திலிருந்தவருக்குக் கண்ணாடி, எனக்குக் காகிதம். கேட்டால், "சுத்தத்துக்காகத்தான் சார்" என்றார் கடைக்காரர். 'சார்' என்று மரியாதை. ஆனால் குடித்ததும் குப்பையிலே எறியவேண்டும். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று மாணவர்க்குப் பாடம் நடத்திவிட்டு வந்து, அதன் பேரப்பிள்ளையைக் கையிலே ஏந்தி நின்றேன்!

இது ஒரு காட்சி. மற்றொன்று அதற்கு முந்தியது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் தந்தது. அவன் தென்பாண்டிக் கடற்கரை ஊரினன். விடுமுறையில் ஒருமுறை அவன் இல்லம் சென்றேன். அது நோன்பு மாதம். மாலையில் நோன்பு திறந்து, இரவுத் தொழுகை முடித்து வந்து, 'சஹன்' என்று அவர்கள் கூறும் பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்தோம். அவன், அவன் தந்தை, அவன் தம்பி, நான். நால்வருக்கும் ஒரே தட்டு. என் தட்டு எங்கே என்று விழித்தேன். இதுதான் உன் தட்டும் என்றனர். நான் ஒரு மூலையிலே, பிறர் சோற்றைத் தொட்டுவிடாதபடி, அஞ்சி அஞ்சி உண்டேன். அவன் தந்தையோ, தம் விரலால் இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க தம்பி" என்றார். நான் எந்தத் தெரு என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டிருந்தேன். எத்தனை மேடைகளிலே எத்தனை நாவலர்கள் சமத்துவம் பேசக் கேட்டிருக்கிறேன்! அந்தப் பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை.

இறைநம்பிக்கை? அது பின்னர் வந்தது, மெதுவாக வந்தது, இன்னும் முழுமையாக வந்துவிடவில்லை என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு நம்பிக்கை வாயிற்படியாக அமைகிறது. எனக்கு உணவுத் தட்டு வாயிற்படியாயிற்று.

தந்தை பேசத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், வழக்குமன்றமே தொடங்கியது. "அம்பேத்கர் 1935-இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். இருபத்தோராண்டு ஆராய்ந்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் எதைத் தேர்ந்தார்? பௌத்தத்தை! படைத்தவன் ஒருவன் உண்டென்று சொல்லாத நெறியை! நீ மட்டும் ஏன் இங்கே போனாய்?" கூரிய வினா. நான் சொன்னேன்: "அப்பா, பௌத்தம் சிறந்த நெறியாயிருக்கலாம். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியிலே எந்தத் தெருவிலே போய் நான் பௌத்தனாக உட்கார்ந்து சாப்பிடுவது? அரூருக்குப் போகவா, பொம்மிடிக்குப் போகவா? நெறி நூலில் இருந்தால் போதுமா? பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாவா?"

அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் விடவும் இல்லை. "வடமொழி மந்திரம் புரியவில்லை என்று தள்ளினோமே, அரபு மட்டும் உனக்குப் புரிகிறதோ?" என்றார். புரியவில்லை என்பதே உண்மை. நான் தொழச் செல்லும் சிறிய பள்ளிவாசலில் சொற்பொழிவும் பெரும்பாலும் உருதுவில்தான். இரண்டு மொழி தெரியாமல் ஓரத்திலே நிற்கும் தமிழன் நான். ஒன்று மட்டும் சொல்லமுடிந்தது: அந்த அரபை நான் கற்கக்கூடாது என்று எவரும் கூறவில்லை, கற்றுக்கொள் என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்த வேறுபாடு சிறிதென்று நான் நினைக்கவில்லை. குறை தீர்ந்துவிட்டதாகவும் நினைக்கவில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் தந்தைக்கு ஆறுதல் கிட்டியது. பெயரை மாற்றிக்கொள்ளவேண்டுமா என்று பள்ளிவாசல் அஜரத்திடம் கேட்டேன். பொருள் கெட்டதாயிருந்தால்தான் மாற்றவேண்டும், நல்ல பொருளுள்ள பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம் என்றார். தந்தை இட்ட தமிழ்ப்பெயரோடேயே இருக்கிறேன். இதைச் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை, நூல் மட்டும் இரண்டுமுறை தவறியது.

நோன்புக்கு ஆயத்தமாவது எப்படி என்று கேட்டால், பேரீச்சம்பழம் வாங்குவது என்பார்கள். எனக்கு முதல் ஆயத்தம் சான்றிதழ்! சிரிக்காதீர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் நீட்டினர். இஸ்லாத்துக்கோ கிறித்தவத்துக்கோ சென்றவனுக்கு அது கிடையாது. ஆக, கலிமா சொன்ன கணத்தில், பதினெட்டு விழுக்காட்டு வாயில் எனக்குச் சாத்தப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) தரும் காப்பும் போயிற்று. மதம் மாறியதும் என்னைக் காக்கும் சட்டம் மாறிவிடுகிறது; அடிக்க ஓங்கிய கை மாறிவிடுமா? 2024 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இஸ்லாத்துக்கு மாறிய பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் ஆகியோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருதலாம் என்பது அதன் கருத்து. 2007-இல் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட மூன்றரை விழுக்காட்டில் அவர்களுக்கும் இடம். பதினெட்டிலிருந்து மூன்றரைக்கு! அரசுப் பள்ளியில் ஆசிரியனாக வேண்டும் என்று தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன் நான். பொன்னுக்காக மாறினான், பொருளுக்காக மாறினான் என்று பேசும் நண்பர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

பணத்துக்காக மாறினர் என்ற பழி புதியதன்று. 1981 பிப்ரவரி 19-இல், அன்றைய நெல்லை மாவட்டத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், மீனாட்சிபுரம் என்ற சிற்றூரில் ஏறத்தாழ நூற்றெண்பது குடும்பத்தார் ஒருசேர முஸ்லிம் ஆயினர். நாடே அதிர்ந்தது. தலைவர்கள் வந்தனர். வாஜ்பாயியும் வந்தார். வளைகுடாப் பணம் என்றனர். எண்ணெய்ப் பணம் என்றனர். ஊர் ரகுமத் நகர் என்று பெயர் பெற்றது. அந்நிகழ்ச்சி பற்றிக் கிடைத்ததையெல்லாம் கல்லூரிக் காலத்திலே தேடிப் படித்தேன். அறிக்கை படித்தேன், கட்டுரை படித்தேன், கண்டனம் படித்தேன். ஒன்றை மட்டும் நான் படித்தவற்றில் காணவில்லை. அவர்களுடைய முதல் நோன்பு! பிறைக்கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால், அது அவ்வாண்டு சூலைத் திங்களில் வந்திருக்கிறது. கலிமா சொல்லி ஐந்து திங்கள்கூட ஆகவில்லை. குற்றாலத்துச் சாரல் அடிக்கும் பருவம். வயலிலே வேலை செய்யும் பெண்கள், பின்னிரவில் எழுந்து, முன்பின் பழகாத ஒரு வேளைக்கு அடுப்பு மூட்டியிருப்பார்களே, என்ன சமைத்தார்கள்? நடவு நட்ட கை நடுப்பகலிலே நடுங்கிற்றா? நிலக்காரர் சிரித்தாரா? பெரிய கேள்விகளைக் கேட்ட பெரியோர் எவருக்கும் இந்தச் சின்னக் கேள்வி தோன்றவில்லை போலும். எனக்கு அது பெரிதாகப் பட்டது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி என் ஆயத்தத்தைக் கேளுங்கள். 2025-இல் நோன்பு மார்ச்சுத் தொடக்கத்தில் வரும் என்று கணக்கு இருந்தது. பிப்ரவரித் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வழிகாட்டியாய் வாய்த்தவர் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு பெரியவர். வகுப்பெடுப்பதுபோல் அவர் சொன்ன முதல் பாடம்: "பசி உன்னைச் சாய்க்காது, வாத்தியாரே. டீ சாய்ச்சிடும்!"

உண்மை! நாளொன்றுக்கு ஐந்து குவளை தேநீர் குடிப்பவன் நான். திடீரென்று நிறுத்தினால் மண்டை பிளக்கும். முதல் வாரம் ஐந்தை மூன்றாக்கினேன், அடுத்த வாரம் இரண்டு, பின்னர் ஒன்று. இரண்டாம் வாரத்தில் மாணவர்மீது எரிந்து விழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாவம், பதிற்றுப்பத்தின் பாட்டுடைத் தலைவர்களைக் குழப்பிய ஒரு பையன் அன்று பட்டது என் தேநீர்ப் பசியின் வேகம்.

பயிற்சியாக ஒரு திங்கட்கிழமை நோன்பு வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு பாடவேளை எளிதாய்ப் போயிற்று. மூன்றாவதில் தொண்டை கரகரத்தது. சுண்ணக்கட்டித் தூள் நாக்கிலே ஒட்டியது. இடைவேளையில் தேநீர் கொண்டுவரும் அம்மா வழக்கம்போல் குவளையை நீட்டினார். வாங்கினேன். பாதி குடித்த பிறகு நினைவு வந்தது! நோன்பே போயிற்று என்று நொந்து மாலையில் பெரியவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறந்து குடித்தால் நோன்பு முறியாதாம். நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டால் போதுமாம். நான் நினைவு வந்த பிறகும் வெட்கத்தில் வீட்டுக்கு வந்து சோறும் உண்டுவிட்டிருந்தேன் என்பது வேறு கதை. ஆயினும் அந்த விதி எனக்குப் பிடித்தது. செயலைவிட எண்ணத்தைப் பார்க்கும் விதி. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. கருவுற்றவளும் பாலூட்டுபவளும் ஒத்திவைக்கலாம். தீரா நோயுள்ளவர் ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். உடலை வருத்துவது நோக்கமாயிருந்தால் இத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருப்பார்களா?

இங்கே ஓர் எச்சரிக்கை, பகுத்தறிவாளர் ஏட்டில் எழுதுவதால் மட்டுமன்று, என் மனத்துக்காகவும். நோன்பு வைத்தால் புற்றுநோய் போகும், அதை மெய்ப்பித்த சப்பானிய அறிஞருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. எனக்கும் மூவர் அனுப்பினர். அவ்வறிஞர் யோசினோரி ஓசுமி; 2016-இல் பரிசு பெற்றவர். உயிரணு தன் பழுதுற்ற உறுப்புகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் வினையை, நொதிக்கும் ஈஸ்டு நுண்ணுயிரிலே ஆராய்ந்ததற்காகப் பெற்ற பரிசு அது. இரமலான் நோன்பை அவர் ஆராயவில்லை. இதை அனுப்பியவர்களுக்கு எழுதினேன். ஒருவர் நன்றி கூறினார். ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோயில் கோபுரத்துக் கலசம் இடிதாங்கி என்று அளப்போரைக் கேலி செய்து வளர்ந்தவன், பக்கம் மாறியதும் பொய்யைப் பொறுத்துக்கொள்வானா? அறிவை வாயிலிலே செருப்போடு கழற்றிவைத்துவிட்டு நான் உள்ளே போகவில்லை.

பெரியார் செய்ததும் அதுவன்றோ? இன இழிவு நீங்க இஸ்லாம் நன்மருந்து என்று 1947-இல் திருச்சியில் பேசியவர் அவர். அதே பெரியார், முஸ்லிம்கள் அழைத்த மேடையிலேயே அவர்களிடையே உள்ள மூடப்பழக்கங்களைக் கண்டிக்கவும் தயங்கியதில்லை. என் தந்தையோ இந்த வாதத்தை ஏற்பதில்லை. "அவர் மருந்தைக் காட்டினார், தாம் குடிக்கவில்லையே" என்பார். 2010-இல் பேராசிரியர் பெரியார்தாசன் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லா ஆனபோது, அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த என் தந்தை அடைந்த வேதனையைச் சிறுவனாய் அருகிருந்து பார்த்திருக்கிறேன். பதினான்கு ஆண்டு கழித்து, அது தம் வீட்டுக்கே வரும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

பிப்ரவரி 3 வந்தது. பேரறிஞர் அண்ணா நினைவுநாள். கோயில்களில் பொதுவிருந்து நடக்கும் நாள். சமபந்தி என்று எங்கள் இயக்கம் போராடிக் கொணர்ந்த கருத்து, அரசின் வழக்கமாகவே ஆகியிருக்கிறது. பெருமைதான். அன்று மாலை தந்தையிடம் கேட்டேன்: "இன்று ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாளை ஒருவர் வீட்டில் ஒருவர் உட்காருவார்களா?" அவர் வாய்திறக்கவில்லை. 2012 நவம்பர் 7-இல், இதே தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு காதல் மணத்தைச் சாக்காக வைத்து, நத்தம் முதலிய மூன்று குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அன்று நான் பள்ளிச் சிறுவன். அதன்பின் பல இரவு ஆயா எங்கள் சான்றிதழ்களைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்கினார். பொதுவிருந்து அந்த ஆண்டும் நடந்திருக்கும். ஆண்டுக்கு ஓரிரு நாள் இலை போடுகிறோம். பள்ளிவாசலில் முப்பது நாள், மாலைதோறும், ஒரே அண்டாவிலிருந்து கஞ்சி. என் இயக்கத்தைக் குறைகூற இதை எழுதவில்லை. எங்கள் வீட்டுக் குறையை எங்கள் வீட்டிலேதானே பேசவேண்டும்!

"அங்க மட்டும் பொண்ணு குடுப்பாங்களா?" என்று ஆயா குறுக்கே கேட்டார். குறும்பாகக் கேட்டாரா, கவலையாகக் கேட்டாரா, தெரியவில்லை. அதற்கும் என்னிடம் விடையில்லை. தட்டிலே இடம் தந்தவர்கள் உறவிலே இடம் தருவார்களா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

ஆயாவின் பட்டினிக் கேள்வியும் தீரவில்லை. சவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு தோலுரித்தவர் அவர். மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவும் இராது. பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிய நீரைக் குடித்துப் படுத்ததைச் சொல்வார். அழமாட்டார், கதைபோல் சொல்வார். அவரிடம் போய் நோன்பின் மாண்பை எப்படி விளக்குவது? ஒரு சொற்பொழிவிலே, ஏழையின் பசியைச் செல்வன் உணர்வதற்கே நோன்பு என்று ஒருவர் கூறக் கேட்டேன். உடனே என் உள்ளத்தில் ஆயாதான் எழுந்து நின்றார். செல்வன் உணரட்டும், நல்லதே. ஏழை எதை உணர? இரும்புக்கடைப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஏழைதான் வாத்தியாரே. இந்த ஒரு மாசம், சாயங்காலம் அந்த நேரத்துக்கு எனக்கு யாராவது கஞ்சி ஊத்திடுவாங்க. நான் இன்னொருத்தனுக்கு ஒரு பழமாவது குடுத்துடுவேன். மத்த மாசம் அப்படி இல்லையே!"

இதை அப்படியே ஆயாவிடம் ஒப்பித்தேன். விடிவதற்கு முன் உண்ணவேண்டும், பிறகு நீரும் கூடாது, மாலை ஆறு இருபத்தைந்துக்கு முடிந்துவிடும் என்றேன்.

"எத்தினி மணிக்குச் சோறுன்னு தெரிஞ்சா, அது பட்டினியா?" என்றார் ஆயா. "போ சாமி. அப்ப இரு."

அதுதான் எனக்குக் கிடைத்த இசைவு. எத்தனையோ நூல்களிலே நான் தேடிய வேறுபாட்டைத் திண்ணையிலே வெற்றிலை மென்றவாறே வகுத்துவிட்டார்!

இதற்கிடையே ஊரிலே ஒரு மாற்றம். மளிகைக் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர், "என்ன வேணும் பாய்?" என்றார். செய்தி பரவிவிட்டது போலும். கேலியா, மரியாதையா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை, கடைக்காரர் எல்லாப் பாய்மாரையும் அழைப்பதுபோல அழைத்தார், அவ்வளவே. என் தாத்தாவை, அவர் நரைத்த பிறகும், அதே தெருவிலே பத்து வயதுச் சிறுவன் "டேய்" என்று கூப்பிடுவானாம். தாத்தா உயிரோடிருந்தால் உப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருப்பார். நான் நெடுநேரம் கடைமுன் நின்றுவிட்டு, வாங்கிய உப்பை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

மார்ச்சு முதல் நாள், சனிக்கிழமை. மாலையில் பிறை பார்க்க மொட்டைமாடி ஏறினேன். தந்தையும் பின்னாலேயே வந்தார். "அமாவாசை எந்த நொடியில் முடியும் என்று கணக்கிட வானியல் இருக்கிறது; இன்னும் கண்ணால் பார்க்கவேண்டுமாக்கும்!" என்றார். கணக்கைப் பொறுத்தவரையில் நான் அவர் கட்சிதான். முதல் நாள் மாலையே இந்தியாவில் பிறை தெரியாது, இன்று தெரியும் என்று கணக்குச் சொல்லிவிட்டிருந்தது. சேர்வராயன் மலைப்பக்கம் வானம் சிவந்து கிடந்தது. ஞாயிறு மறைந்து சிறிது நேரத்தில், நகத்தின் கீற்றுப்போல் தெரிந்தது. அதனருகே வெள்ளி பளிச்சென்று எரிந்தது. முதலில் கண்டவர் தந்தை! "அதோ" என்றார். கையை நீட்டிக் காட்டியவர், உடனே கையை மடக்கிக்கொண்டார். "வெள்ளிக்கோளைச் சொன்னேன்" என்றார்.

தலைமைக் காஜியின் அறிவிப்பும் வந்தது. மறுநாள் முதல் நோன்பு. அதற்கடுத்த திங்களன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடக்கம், முதல்நாள் தமிழ்த்தாள். அலைபேசியில் மாணவர் விடாது ஐயம் கேட்டுக்கொண்டிருந்தனர். மனத்திலே நிய்யத்தையும் நன்னூல் நூற்பாவையும் மாறி மாறி நினைத்தவாறு படுத்தேன். நிய்யத்தை எந்த மொழியிலும் எண்ணலாம் என்றிருந்தார் அஜரத். தமிழிலேயே எண்ணிக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் கைப்பேசி அலறுவதற்கு முன்பே விழித்தேன். அடுப்படியில் வெளிச்சம்! ஆயா அமர்ந்திருந்தார். இராகிக்களி கிண்டி உருட்டி வைத்திருந்தார். முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் கடைந்து வைத்திருந்தார். "கோதுமை ரொட்டி பத்து மணிக்கே கரைஞ்சிடும். களி நின்னு பேசும்" என்றார். நேற்றுவரை கேலி பேசியவர் எத்தனை மணிக்கு எழுந்தாரோ, கேட்கத் துணியவில்லை.

சிறிய தட்டுகள் கழுவாமல் கிடந்தன. பெரிய பித்தளைத் தாம்பாளத்தையே என்முன் வைத்து, இரண்டு உருண்டைகளை இட்டு, நடுவே குழித்துக் கீரையை ஊற்றினார். நான் முதல் விள்ளலை எடுத்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. தந்தை வந்தார். தூக்கம் கலைந்ததே என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். நீர் குடிக்க வந்ததாகச் சொன்னார். நீர் குடித்தார். நின்றார். பின்னர் எனக்கெதிரே சம்மணமிட்டு அமர்ந்து, "வாசனை பசியைக் கிளப்பிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே, தாம்பாளத்தின் மறுபுறத்து உருண்டையில் கைவைத்தார்.

சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. வெளியே எங்கோ ஒரு நாய் குரைத்தது. பொம்மிடிப் பக்கமாய்ச் செல்லும் தொடர்வண்டியின் ஊதல் கேட்டது.

"எத்தனை மணிவரை?" என்றார் தந்தை.

"ஐந்தேகால் அப்பா."

சுவரிலே பெரியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. தண்ணீர் குடி" என்று செம்பை என் பக்கம் நகர்த்தினார்.